‘முன்னனுபவம்’ அடித்துக் கொடுத்த பயோடேட்டா

அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சி தாலுகாவில் வேலை இல்லாதவர்கள் ஏராளம். ஆனால் வேலை அனுபவம் இல்லாதவர் ஒருவர்கூடக் கிடையாது. இதற்கு முழுப் பொறுப்பு ஒரே ஒரு மனிதர்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வாடகை சைக்கிள் கடையில் பாதியைத் தட்டி வைத்துத் தடுத்து, ஒரு டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரர் உட்பட எல்லோரும் அவரை ‘முன்னனுபவம்’ என்றே அழைத்தார்கள்.

பயோடேட்டா அடிக்கும்போது, முன்னனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று அடிக்க மாட்டார். பொய்யும் அடிக்க மாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவரும், எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தவரும் படும் பாட்டைப் பார்ப்பதற்கென்றே சைக்கிள் கடையில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள்.

ஒருமுறை வடக்கனந்தலிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பி.யூ.சி. தேறாதவர்.

“காலைல எழுந்து இன்னா பண்ணுவ?”

“தூங்குவேங்க.”

“எழுந்து இன்னா பண்ணுவன்னு கேட்டா தூங்குவேன்ற?”

“எழுந்து, கழனிக்குப் போய், தண்ணி கட்டிட்டு வந்து தூங்குவேங்க.”

முன்னனுபவம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அரை மணி நேரக் குறுக்கு விசாரணையில் விஷயம் வெளியே வந்தது. ஐந்து பங்காளிகளுக்கு ஒரே கிணறு. யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துத் திறந்துவிடுவது இந்த இளைஞர்தான். நாலு வருஷமாக.

“சண்டை வந்துதா?”

“ரெண்டு வாட்டி வந்துதுங்க. பேசித் தீத்துட்டேன்.”

டைப்ரைட்டர் தடதடத்தது. ‘ஐந்து பங்குதாரர்களிடையே பாசன நீர் விநியோகம், நான்கு ஆண்டுகள். தகராறுகள்: இரண்டு. இரண்டும் தீர்க்கப்பட்டன.’ இளைஞர் அதை வாங்கிப் படித்துவிட்டு, “இது நானாங்க?” என்று கேட்டார். அந்தத் தாளுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு நல்ல குடும்பத்தில் பெண் கொடுத்தார்கள்.

இன்னொருவர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தார். தடுப்பூசி போட வரும் நர்சம்மாவுக்கு வழிகாட்டி, ஊசிப் பெட்டியைச் சுமந்து மூன்று வருஷம் மலை மலையாக ஏறியதாகச் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நன்றாக இருப்பதையெல்லாம் முன்னனுபவம் சந்தேகப்படுவார். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வெள்ளிமலைக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து நடந்தார். இரண்டு நாள் கழித்து, வீங்கின கணுக்காலோடு திரும்பி வந்தார்.

“இன்னா அண்ணா, பொய்யா?” என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார்.

“நெசந்தான். ஆனா நாலு மாசம் ஜாஸ்தி சொல்ட்டான்.”

‘மூன்று ஆண்டுகள்’ என்பதை அழித்துவிட்டு, ‘இரண்டு ஆண்டுகள் எட்டு மாதங்கள்’ என்று திருத்தினார். அப்புறம்தான் கணுக்காலுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய் உட்கார்ந்தேன். பி.காம்., மூன்றாம் வகுப்பு, வயது இருபத்து மூன்று. திருக்கோவிலூரில் ஓர் உரக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்கு இண்டர்வியூ வந்திருந்தது. பயோடேட்டாவோடு வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. இதுவும் போனால் அம்மாவும் நிறுத்திவிடுவாள் என்கிற நிலை.

முன்னனுபவம் மூன்று நாள் என்னைக் குடைந்தார். கழனி வேலை? இல்லை. கடைக்கணக்கு? இல்லை. திருவிழாவுக்கு நன்கொடை வசூல்? அதற்கும் பின்னால்தான் நின்றிருக்கிறேன்.

“கல்யாண பந்தில சாம்பாராவது ஊத்திருக்கியா?”

“ஒரு வாட்டி ஊத்தனேன் அண்ணா. மாப்ள மேல ஊத்திட்டேன். அப்புறம் வேணாம்னுட்டாங்க.”

நாலாம் நாள் எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் விசாரித்தார். அம்மா பெருமையாகச் சொன்னாள்: “எம் புள்ள ரொம்ப நல்லவங்க. எதுவுமே பண்ண மாட்டான்.”

அவர் முகத்தில் தோல்வியை நான் பார்த்தது அன்றுதான். முன்னனுபவம் என்று அடித்து, கீழே இரண்டு வரி காலியாக விட்டு, தாளை என்னிடம் தராமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். “பாப்போம். இன்னும் ஒரு நாள் இருக்குது.”

அந்த ஒரு நாளில் ஊரே நின்றுபோனது. இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. இண்டர்வியூ நாளன்று காலையில், இந்த வேலையும் போயிற்று என்று நான் நிம்மதியாகப் படுத்திருந்தபோது வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

“எழுந்து வாப்பா. மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான இண்டர்வியூ? மிதிச்சா போய்டலாம்.”

கேரியரில் டைப்ரைட்டர் கட்டியிருந்தது.

“இது எதுக்குங்கண்ணா?”

“ரெண்டு வரி பாக்கி இருக்குது இல்ல?”

அவர் மிதித்தார். நான் கேரியரில் உட்கார்ந்து டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். இரும்புக் குழந்தை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தொலைதூரம் போகிறவனின் தொடைகள் என்ன ஆகும் என்பதை விரிவாகச் சொல்ல விரும்பவில்லை.

தியாகதுருகம் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. அதன்மேல் முப்பது நாற்பது இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இறங்கி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

“எங்க போறீங்க?”

“வேல இண்டர்வியூவுக்குங்க,” என்றேன்.

“வேலைக்காகத்தான் நாங்களே ரோட்ல ஒக்காந்துகினு இருக்கோம். நீ பாட்டுக்கு வேலைக்குப் போனா இன்னா அர்த்தம்?”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. திரும்பிவிடலாம் என்று முன்னனுபவம் அண்ணனைப் பார்த்தேன். அவர் அந்த இளைஞரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ இன்னா படிச்சிருக்க?”

“பத்தாவது. ஏன்?”

“பயோடேட்டா இருக்குதா?”

“அனுபவம் இல்லாம பயோடேட்டா எப்டிங்க?”

முன்னனுபவம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். டைப்ரைட்டரைப் புளியமரத்தின் மேல் தூக்கி வைத்தார். “மரம் வெட்னத மட்டும் சொல்லாத. அத போலீசு எழுதிக்கும். மத்தத சொல்லு.”

பத்து நிமிஷத்தில் முதல் பயோடேட்டா முடிந்தது. பதினைந்தாவது நிமிஷத்தில் ரகளை ஆரம்பித்தது. எனக்கு முதலில், எனக்கு முதலில் என்று எல்லோரும் டைப்ரைட்டர் மேல் விழுந்தார்கள். அது கவிழப் பார்த்தது. எனக்கோ நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, மரத்தின் மேல் ஏறி நின்று கத்திவிட்டேன்.

“ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் நில்லுங்க! பேரு, அப்பா பேரு, படிப்பு, மூணையும் எங்கிட்ட சொல்லுங்க! நான் எழுதித் தர்றேன்!”

அந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நின்றார்கள். பேரேடு மாதிரிக் கோடு போட்டு எழுதினேன். வரிசையில் நுழையப் பார்த்த ஒரு பெரிய மீசைக்காரரைப் பின்னால் அனுப்பினேன். அவரும் போனார். கொண்டு வந்த தாள் தீரும்வரை அண்ணன் அடித்தார். மீதிப் பேரை மறுவாரம் கடைக்கு வரச் சொன்னேன்.

கடைசியாக அவர் பையிலிருந்து என் பயோடேட்டாவை எடுத்துச் செருகினார். இரண்டு வரி அடித்தார்.

இளைஞர்கள் சைக்கிளையும் டைப்ரைட்டரையும் மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். அடுத்தடுத்த மரங்களையும் தாண்டிவிட ஒருவரைத் துணைக்கு அனுப்பினார்கள்.

இண்டர்வியூவுக்கு வந்து சேர்ந்தது நான் ஒருவன்தான். மேனேஜர் தாளைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“‘பதட்டமான சூழ்நிலையில், சாலையில், கூட்டத்தை வரிசைப்படுத்தி விவரங்கள் சேகரித்தல். இரண்டரை மணி நேரம்.’ இது இன்னா தம்பி, இன்னிக்குத் தேதி போட்ருக்குது?”

“இன்னிக்குக் காலைலதான் சார் நடந்துது.”

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இத்தன தூரம் சைக்கிள்லயே வந்தியா? அத ஏன் எழுதல?”

வேலை கிடைத்துவிட்டது. வெளியே வந்து இதே கேள்வியை அண்ணனிடம் கேட்டேன். கால்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “மிதிச்சது நானு. நீ பின்னால ஒக்காந்துகினு வந்த. அத எப்பிடி எழுதறது?”

திருக்கோவிலூரிலேயே ரூம் எடுத்துத் தங்கினேன். போராட்டம் ஓய்ந்து பஸ்கள் ஓடத் தொடங்கிய பிறகும், மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் அந்த சைக்கிள் நிற்கும். பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு டீயை அரை மணி நேரம் குடிப்பார். உள்ளே வர மாட்டார். ஒருநாள் நானே இறங்கிப் போனேன்.

“இன்னா அண்ணா, நான் ஒழுங்கா வேல செய்றனான்னு பாக்க வந்தீங்களா?”

“சேச்சே. இங்க டீ நல்லாருக்கும்பா. அதுக்குத்தான்.”

ஆறு வருஷம் அந்தக் கடையில் தினமும் டீ குடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அது வாயில் வைக்க விளங்காத டீ.