கேமரா இல்லாத லேப்டாப்

குடும்பத்தில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பேர் கிளம்பிவிட்டால், அதன் பிறகு அவனை யாராலும் காப்பாற்ற முடியாது. எனக்கு அந்தப் பேர் கிளம்பியது, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்த அன்று. திரையில் இருக்கும் கட்டங்களில் எண்களை நிரப்பி, பிரிண்ட் எடுத்து, லாரிக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. (பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் இன்றைக்கும் பக்கத்து மேஜைக்காரரைத்தான் கூப்பிடுவேன்.) ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்கா, "எந்தம்பி கம்ப்யூட்டர்லதான் இருக்கான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நான் மறுத்திருக்கலாம். கேட்கச் சுகமாக இருந்ததால் மறுக்கவில்லை.

அந்தச் சுகத்துக்கான பில் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.

அக்கா மகள் தர்ஷினிக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. சீட் கிடைத்தது பெரிதில்லை, நாலு வருஷம் படிக்க வைக்க வேண்டுமே. அதற்கு ஓர் அறக்கட்டளை முழு உதவி செய்வதாக இருந்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது வீடியோ இன்டர்வியூ ஒன்றுதான். அதிலும் ஒரு நிபந்தனை. கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், செல்போனில் வரக்கூடாது, முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். அதில் தேறினால் கோயம்புத்தூர். தேறாவிட்டால், பக்கத்தில் எது கிடைக்கிறதோ அது.

அத்தான் ராணுவத்தில், எங்கோ வடக்கே குளிரில் இருந்தார். அங்கிருந்து போன் செய்தார்.

"மாப்ள, பிள்ளைக்கு ஒரு லேப்டாப் பாத்து வாங்கிரு. விலை கையக் கடிக்கக் கூடாது. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் உழைக்கணும். நீ பாத்தாச் சரியா இருக்கும்."

'நீ பாத்தா' என்ற அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இரண்டு சட்டை சைஸ் ஏறிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் தர்ஷினியை ராஜபாளையத்துக்கு வரச்சொல்லி, எனக்குப் பழக்கமான பாய் கடைக்குக் கூட்டிப்போனேன். அவள் படித்துவிட்டு வந்திருந்தாள். ராம் இவ்வளவு வேண்டும், எஸ்.எஸ்.டி. வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், முக்கியமாகப் புதிதாக இருக்க வேண்டும் என்று மளமளவென்று சொன்னாள். நான் ஒரு லேப்டாப்பை எடுத்து, பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல முதுகில் தட்டினேன். கடையில் இருந்த எல்லோரும் ஒரு நிமிஷம் மரியாதையாகப் பார்த்தார்கள்.

அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பாய் எனக்கு விளக்கினார். கைக்கு அடக்கமான விலையில் புதிதாக வாங்கினால் மெல்லிய பிளாஸ்டிக்தான் கிடைக்கும், ஓரத்துக் கீல் சீக்கிரம் விட்டுவிடும். அதே விலைக்குப் பெரிய கம்பெனிகளில் ஓடிய செகண்ட் ஹேண்ட் வாங்கினால் உடம்பு கட்டியாக இருக்கும், பேட்டரி போனால் மாற்றலாம், ராம் கூட்டிக்கொள்ளலாம். தர்ஷினி திரும்பி வந்ததும் இதையே நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது போல அவளிடம் சொன்னேன். பாய் நல்ல மனுஷர். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பழசு வேணாம் மாமா. நாளைக்கு இன்டர்வியூ. நடுவுல நின்னுட்டா?"

"நின்னா என்னையக் கேளுட்டி."

இதைச் சொல்லும்போது பேன்ட் பாக்கெட்டில் கை விட்டிருந்தேன் என்பது கூட ஞாபகம் இருக்கிறது.

பாய் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினார். கேமராவில் என் முகம் பளிச்சென்று வந்தது. நான் அதைப் பார்த்தே தலை சீவிக்கொண்டேன். 'செட் பண்ணிக் கொண்டாரேன்' என்று தர்ஷினியைப் பஸ் ஏற்றிவிட்டு, லேப்டாப்பை என் வீட்டுக்கு எடுத்துப்போனேன். (செட் பண்ணியது என்றால், திரைக்குப் பின்னணியாக ஒரு அருவிப் படம் வைத்தேன்.)

வெள்ளிக்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வாசலிலேயே அக்கா நின்றாள். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் பலகை, பலகை மேல் புதுத் துண்டு, பக்கத்தில் தேங்காய், சூடம், சந்தனக் கிண்ணம். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பூஜை போடாமல் சுவிட்ச் போட மாட்டார்கள். மிக்ஸிக்குப் போட்டோம், போர் மோட்டாருக்குப் போட்டோம். லேப்டாப்புக்குச் சக்கரம் இருந்திருந்தால் அடியில் எலுமிச்சம்பழமும் வைத்திருப்பாள்.

"எம்மா, அதுல தண்ணிகிண்ணி பட்டா வீணாப் போயிரும்" என்று தர்ஷினி பதறினாள்.

நிபுணர் தலையிட்டார். "தண்ணிதான் தெளிக்கக் கூடாது. பொட்டு வச்சா ஒண்ணும் ஆவாது."

அக்கா லேப்டாப்பைத் திறந்து வைத்து, மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏலே, இதுக்கு நெத்தி எங்கிட்டு?"

நான் யோசிக்கவே இல்லை. திரைக்கு மேலே நட்டநடுவில் விரலை வைத்துக் காட்டினேன். அக்கா தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். அதே கையோடு தர்ஷினிக்கும் ஒன்று வைத்தாள். சூடம் காட்டினோம். லேப்டாப் கல்யாணப் பெண்ணைப் போல இருந்தது.

இன்டர்வியூ இரண்டரை மணிக்கு. பன்னிரண்டு மணிவாக்கில் எதற்கும் பார்த்துவிடலாம் என்று தர்ஷினி கேமராவை ஓடவிட்டாள். நான் அடுக்களையில் வடை தின்றுகொண்டிருந்தேன்.

"மாமா! படம் வரல!"

ஓடிவந்து பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில், செங்கல் பொடியைக் குழைத்துப் பூசியது போல ஓர் இருட்டு. முகத்தைக் கெத்தாக வைத்துக்கொண்டு, "டிரைவர் பிரச்சினை" என்றேன். (டிரைவர் என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) அணைத்துப் போட்டேன். "படம் வருதா?" "இல்ல மாமா." எதையோ நீக்கி, எதையோ ஏற்றினேன். "இப்ப படம் வருதா?" "வரல மாமா." லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினேன். செங்கல் கொஞ்சம் வெளிச்சமான செங்கல் ஆனது. மணி ஒன்றை நெருங்கியது.

தர்ஷினி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கட்டிலில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"நான் புதுசு கேட்டேன் மாமா."

பாய்க்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். அடுத்த வீட்டுக்காரரிடம் ஸ்கூட்டரை வாங்கி, லேப்டாப்பை மூடிப் பையில் போட்டு, ராஜபாளையத்துக்கு விரட்டினேன். கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது, அன்று வெள்ளிக்கிழமை. ஷட்டர் சாத்தியிருந்தது. பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். அதனால்தான் போனும் அணைந்திருந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கடைக்குப் போகிறவன், வெள்ளிக்கிழமை மதியம் அது திறந்திருக்காது என்பது தெரிந்தவன், கம்ப்யூட்டர் நிபுணன், சாத்திய ஷட்டரை இரண்டு கையாலும் ஆட்டினேன். பூட்டு மட்டும் பதில் சொன்னது.

காத்திருக்கலாமா, திரும்பலாமா? லேப்டாப் என் கையில், பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டும் இரண்டரைக்குள் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். செத்த நேரம் நின்றேன். அந்தச் செத்த நேரம் நிற்காமல் கிளம்பியிருந்தால் ரயில்வே கேட் திறந்திருக்கும். நான் போய்ச் சேரும்போது சாத்திவிட்டார்கள். செங்கோட்டை ரயில் எந்த அவசரமும் இல்லாமல் வந்தது. அந்த நேரத்தில் பாய் போன் செய்தார்.

"என்ன மாப்ள, இத்தன மிஸ்டு கால்?"

"பாய், கேமரா போயிருச்சு! படம் வரல!"

"நேத்து உங்க மூஞ்சி நல்லா வந்துச்சே. கொண்டாங்க, மாத்தித் தாரேன்."

"இனிமே எங்கிட்டு பாய் கொண்டார? அவளுக்கு இன்டர்வியூ!"

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஸ்கூட்டர் ஓட்டியதில்லை. வழியெல்லாம் அத்தானுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பாத்து வாங்கச் சொன்னார். நான் தட்டி வாங்கினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது இரண்டரைக்குச் சில நிமிஷம்தான் இருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். மூடித் திறந்ததில் கீழேயும் ஒரு பொட்டு பதிந்திருந்தது. அக்கா இங்கேயும் வைத்திருக்கிறாளே என்று மட்டும் நினைத்தேன். அதற்கு மேல் என் மூளை நகரவில்லை.

தர்ஷினி லிங்க்கை அழுத்தி இன்டர்வியூவுக்குள் நுழைந்தாள். திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர்.

"வணக்கம்மா. குரல் நல்லா கேக்குது. முகம் தெரியலையே?"

"சார், கேமரா... கொஞ்சம் பிரச்சினை சார்."

"முகம் தெரியாம நடத்த முடியாதும்மா. அஞ்சு நிமிஷம் இருக்கோம், சரி பண்ணுங்க."

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, தெரிந்த பட்டன், தெரியாத பட்டன் எல்லாவற்றையும் அழுத்தினேன். அக்கா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள். வேர்த்து வழிந்த நெற்றியைத் தர்ஷினி கையால் துடைத்தாள். விரலில் சந்தனம் ஒட்டியது. விரலைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மாமா... நெத்தி."

கையைப் பொட்டுக்குக் கொண்டுபோனாள். அக்கா பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி! வெள்ளிக்கெழம அதுவுமா பொட்ட அழிப்பியா? படிக்கப்போற பிள்ள!"

"எம்மா, அதுதாம்மா கேமரா!"

"எதா இருந்தா என்ன? வச்ச பொட்ட அழிக்கக் கூடாது!"

"அக்கா, கைய எடு. நேரமாவுது!"

"நீ பேசாத! நீதானலே நெத்தியக் காட்டுன?"

கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. முதலில் வேறு இடத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டும், பொறவுதான் இதைத் தொடலாம். அக்கா சந்தனக் கிண்ணத்துக்கு ஓடினாள். நான் லேப்டாப்பின் முதுகைக் காட்டினேன். இந்த முறை அவள் என்னை நம்பவில்லை, மகளிடம் கேட்டாள். தர்ஷினி தலையாட்டிய பிறகுதான் வைத்தாள். நான் பையில் கிடந்த கம்பெனி சாம்பிள் பேண்டேஜ் துணியை உருவி, காயத்தைத் துடைப்பது போலக் கேமராவைத் துடைத்தேன்.

திரையில் முதலில் ஒரு வெள்ளைத் துணி வந்தது. பிறகு என் மூக்குத் துவாரம். பிறகு தர்ஷினி, அவளுக்குப் பின்னால் சந்தனக் கிண்ணத்தோடு அக்கா. மைக் ஆரம்பத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடியிருந்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"வேற இடத்துல பொட்டு வச்சாச்சாம்மா?"

"வச்சாச்சு சார்" என்றாள் தர்ஷினி.

"என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு சொல்லு. அதையே முதல் கேள்வியா வச்சுக்குவோம்."

அவள் சொன்னாள். என்னை விடாமல் சொன்னாள். நான் கட்டிலுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன், டிரங்குப் பெட்டி தடுத்தது.

அவளுக்கு உதவி கிடைத்தது. சாயங்காலம் பாய்க்குப் போன் செய்து, கேமரா சரியாகிவிட்டது, சின்ன டிரைவர் பிரச்சினைதான் என்று சொன்னேன். அத்தானிடமும் அதையே சொல்லப் பார்த்தேன், ஆனால் அக்கா அவருக்கு நடந்ததையெல்லாம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அத்தான் அடுத்த லீவில் வந்து லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்ள, நல்ல கட்டியான சாமான்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க வெளியே போனார். லேப்டாப் நாலு வருஷமும் உழைத்தது. பேட்டரி ஒருமுறை மாற்றினோம். திரை ஓர இடுக்கில் இன்னும் கொஞ்சம் சந்தனம் இருக்கிறது. தர்ஷினி இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் எது ஓடாவிட்டாலும், பம்பு செட்டோ பிரிட்ஜோ, போனில் அவள் முதலில் கேட்பது, "மாமாவ விட்டு நெத்தியக் காட்டச் சொன்னீகளா?"

போன மாதம் ராஜபாளையத்தில் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா அவளை மணையில் உட்கார வைத்து, நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தார். மண்டபமே அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. தர்ஷினி தலையை நிமிர்த்தி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"மாமா, படம் வருதா?"

எங்கள் பக்கம் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

"தெளிவா வருதுட்டி" என்றேன். பொய்தான் சொன்னேன். கண் முழுக்கத் தண்ணீர், எதிரே ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற அக்கா முந்தானையை என் கையில் திணித்தாள்.

"தொடச்சிட்டுப் பாருலே."