தருணின் தொடையும் பெரியப்பா அனுப்பிய வீடியோக்களும்

பாணேர், புனே
ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

பார்கவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும் பெரியம்மாவும் நலமென்றும், தங்கள் முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்கிறதென்றும் நம்புகிறேன். அம்மா தோசை ஊற்றி முடிப்பதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

நம் தம்பி தருணுக்கு ஆறு வயதில் சர்க்கரை நோய் வந்து, இனி தினமும் வீட்டிலேயே பேனா போன்ற ஊசிக்கருவியால் இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், தாங்கள் கோயம்புத்தூரிலிருந்து அக்கறையோடு அனுப்பிய வீடியோக்கள் அனைத்தையும் பார்த்துவிட்டோம். அவற்றின் தரத்தைப் பற்றித் தங்களிடம் சொல்வது என் கடமை.

மருத்துவமனையில் சிஸ்டர் எல்லாவற்றையும் மராத்தியில் பொறுமையாகச் செய்து காட்டினாராம். அப்போது அம்மா அழுதுகொண்டிருந்தார், அப்பா மருந்துக் கடை வரிசையில் நின்றார், மராத்தி தெரிந்த நான் பள்ளியில் இருந்தேன். ஆகவே தாங்கள் அனுப்பியவைதாம் எங்கள் பாடநூல். முதல் வீடியோவில் தோலைக் கிள்ளிப் பிடிக்கச் சொன்னார்கள், இரண்டாவதில் கிள்ளவே கூடாது என்றார்கள், மூன்றாவதில் வீணை வாசித்ததால் என்ன சொன்னார்கள் என்றே கேட்கவில்லை, இன்னொன்றில் ஊசி தோலைத் தொடும் சமயத்தில் ஒரு ரோஜாப்பூ சுழன்று வந்து மறைத்துவிட்டது, பூ போனபோது ஊசியும் போயிருந்தது. ஒன்றில் பொம்மைக்குப் போட்டார்கள். "அதுக்கு வலிக்காது, எனக்கு வலிக்கும்" என்றான் தருண். அப்பா ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி, "இது எந்த வருஷத்து வீடியோ?" என்று ஆராய்ந்தார்.

அம்மாவுக்குப் பிடித்தது ஒரு மஞ்சள் சேலை அம்மையாரின் வீடியோ. அவர் இடது கையால் போட்டார். அம்மாவும் இடது கையிலேயே பல்குச்சியைப் பிடித்து இட்லிகளைக் குத்திப் பழகினார்.

"ஏனுங்க, இடது கைல போட்டாத்தான் வலிக்காதாட்ட இருக்குதுங்க."

"அந்தம்மா டாக்டரா?"

"டாக்டராட்டத்தான் பேசறாங்க."

அந்த அம்மையாரின் பின்னால் இருந்த மருந்துப் பெட்டியில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். அவருக்கும் வலது கைதான், பெரியப்பா. வீடியோதான் இடம் வலமாக மாறியிருந்தது. அம்மா இட்லித் தட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை நாங்களாகப் போட வேண்டிய முதல் ஊசி. போடாவிட்டால் தருண் மறுபடியும் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். அப்பா போனில் வீடியோவைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் சொன்னார். "இப்ப வெச்சு…" என்னும்போது பனியன் விளம்பரம் வந்துவிட்டது. அம்மா ஊசியோடு, பனியன் விளம்பரம் முடியக் காத்திருந்தார்.

"மொதல்ல அதை அணைச்சுத் தொலைங்க!" என்று கத்திவிட்டு, அம்மா கண்ணை இறுக்கிக்கொண்டு தருணின் தொடையில் வைத்து அழுத்தினார்.

"போட்டாச்சா? வலிக்கவே இல்லம்மா!" என்றான் தருண்.

அம்மா அழுதார். அப்பா, "பாத்தியா, அண்ணன் அனுப்புனது வீண் போகல" என்றார். எனக்கும் கண் கலங்கியது. எங்கள் மனப்பாரம் இறங்கியது. தங்களுக்கு நன்றி. ஆனாலும் இனி வீடியோ அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். தங்கள் ஆசி தருணின் இரண்டு தொடைகளுக்கும் சமமாகக் கிடைக்கட்டும்.

அன்பு மகள்,
பார்கவி

பி.கு.: பெரியப்பா, மேலே எழுதியதை நம்ப வேண்டாம். தோசைக்கு உட்காரும்போது தருண், "அக்கா, தொடை ஈரமா இருக்கு" என்றான். உடனே சிஸ்டருக்குப் போன் செய்தேன். "பெரிய மூடிக்கு உள்ளே, ஊசி மேல் இருக்கும் சின்ன மூடியையும் கழற்றினீர்களா?" என்று மராத்தியில் கேட்டார். கழற்றவில்லை! ஊசி உள்ளே போகவே இல்லை, மருந்தெல்லாம் தொடை மேலேயே வழிந்திருக்கிறது. எல்லா வீடியோவிலும் அதைக் கழற்றிய பிறகுதான் படம் பிடிக்கவே ஆரம்பித்திருக்கிறார்கள். சிஸ்டர் போனிலேயே இருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அம்மா புது ஊசி மாட்டி, இரண்டு மூடியும் கழற்றி, வலது கையால் போட்டார். தருண் போட்ட கூச்சலில் கீழேயிருந்து வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டு விசாரித்தார். இப்போது சாப்பிட்டுக்கொண்டே, "மொதல்ல போட்டதுதான் நல்ல ஊசி, உனக்கு ஊசி போடவே தெரியல" என்று அம்மாவைத் திட்டுகிறான். அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை போடுகிறார்.