மர்மபேதியார் சிறைபுகு காதை

இடக்கையில் டின் பால் கலந்த தேநீர்க் குவளையும் வலக்கையில் மை ஒழுகும் பேனாவும் ஏந்தி, முழங்காலையே மேசையாக்கி, உலகத்துச் சதிகளையெல்லாம் தம் வீட்டு வாசற்படியை விட்டு எழாமலே கண்டறிந்த பேராண்மையாளர், ஆறாம் வகுப்பு வரை கரைகண்ட கல்விக்கடல், ஓட்டைப்பால ரப்பர்த் தோட்டத்துப் பால் கொட்டகையின் எடை எழுதும் ஏந்தல், மர்மபேதி இராஜமாணிக்கனார் வாழ்க. மர்மங்களைப் பிளப்பவர் என்ற பொருளில் அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட விருது அது. தோட்டத்து மக்கள் முன்பாதியை உதறிவிட்டு, வயிற்றுப்போக்கைக் குறிக்கும் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் பேதிக் கிராணி என்று அழைத்தார்கள். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கெழுத்தர்.

இக்காதைக்குக் காப்பாக வேறு தெய்வத்தைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. டின்னின் தலையில் ஆணியால் குத்திய சின்னஞ்சிறு ஓட்டையே, நீயே துணை.

அது வெள்ளையர் ஆண்ட மலையாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டு. காட்டுக்குள்ளே துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகளும், காட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு சர்க்காரும், இரு தரப்புக்கும் நடுவே முள்கம்பி வேலிக்குள் துப்பாக்கி இல்லாமல் நாமும் வாழ்ந்த அவசரகாலம். டின் பால் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். ஓட்டை விழுந்த பால் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்காரர்களுக்குக் கடத்திப் பதுக்கி வைக்க முடியாது. சர்க்காரின் எண்ணம் அவ்வளவுதான். இதைத் தோட்டத்தில் எல்லாரும் அறிந்திருந்தார்கள், ஒருவரைத் தவிர.

ஒருநாள் மனைவி மயிலம்மாள் உப்பு வாங்கி வரச் சொல்ல, கடைக்குப் போன மர்மபேதியார் டின் பாலை மட்டும் வாங்கிக்கொண்டு உப்பை மறந்து திரும்பினார். வேறொருவர் என்றால் திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி கடைக்கு நடந்திருப்பார். நம் தலைவரோ வாசற்படியிலேயே நின்று, புருவ வில்லை வளைத்து, டின்னின் ஓட்டையை ஒற்றைக் கண்ணால் நோக்கி, தம் தலைக்கு அடுத்தபடியாக உள்ளே ஒன்றுமில்லாத இடம் ஒன்றை அத்தனை அருகில் கண்ட திகைப்பில், மறதிக்குக் காரணம் கண்டுபிடித்தார். அந்த ஓட்டை வழியாகத்தான் வெள்ளைக்காரன் மறதி மருந்தை உள்ளே விடுகிறான். குடிப்பவர் முதலில் கூலி உயர்வை மறப்பார், பிறகு கப்பலேறி வந்த ஊரை மறப்பார், கடைசியில் உப்பை மறப்பார். அன்றைக்குக் குழம்பு உப்பில்லாமல்தான் இறங்கியது.

அடுத்த நாற்பது நாள் எழுத்துப் பெரும்போர் நடந்தது. ஆதாரம் என்னும் பகைவன் ஒருவன்கூடத் தலைகாட்டாத களத்தில், பேனா வாளைச் சுழற்றி, ஒற்றெழுத்துகளை வெட்டி வீழ்த்தி, இலக்கணம் குற்றுயிராய்க் கிடந்து முனக, முப்பத்திரண்டு பக்கத்தில் 'டின் பால் துவார மர்மம்' என்னும் நூலை அவர் முடித்தார். அந்த நாற்பது நாளும் அவர் குடித்த தேநீரில் டின் பால் இருந்தது என்பதை நூல் எங்கும் சொல்லவில்லை. பட்டணத்து ரஹாங் பகுதியில் ஓர் அச்சகம் இருநூறு பிரதி அடித்துக் கொடுத்தது.

அச்சுக்குப் போகுமுன் கடைசிப் பக்கத்தில் வீரர் பேனாவைக் கீழே வைத்து யோசித்தார். சர்க்காருக்கு எதிராக எழுதியதாகச் சட்டம் பாய்ந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே தம் ராஜவிசுவாசத்துக்குச் சாட்சியாகக் கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "இவ்வளவும் அறிந்த பின்னும், அன்பர்களே, பெரட்டுக்குத் தவறாமல் போய் ஒரு மரம் விடாமல் வெட்டுங்கள்." பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் இறக்குவது. தோட்டத்தில் பிறந்தவருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. முப்பத்திரண்டு பக்கத்திலும் உருப்படியான வரி அது ஒன்றுதான், அதுவும் பயத்தில் பிறந்தது.

நூல் வெளிவந்தது. உலகம் நடுங்கவில்லை. பட்டணத்து பஸ் நிலையத்தருகே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சன்னாசியிடம் விற்கச் சொல்லி ஐம்பது பிரதி கொடுத்து வைத்திருந்தார். இரண்டு மாதம் ஒன்றும் போகவில்லை. மூன்றாம் மாதம் எல்லாம் போய்விட்டதைக் கேட்டு மர்மபேதியார் கண் பனித்தார்.

"நல்ல கெட்டித் தாளு லா, வடைக்குத் தோதா இருக்கு, எண்ணெ கீழ எறங்கல" என்றார் சன்னாசி.

அப்படி வடையைச் சுமந்து போன கடைசிப் பக்கம் ஒன்று ஒரு போலீஸ்காரரின் கையில் சிக்கியது. வடையைத் தின்றபின் தாளைப் பார்த்தவர், கொட்டை எழுத்துக்குப் பயந்து அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் மொழிபெயர்ப்பாளர் மைக்கல்ராஜிடம் கொடுத்தார். மைக்கல்ராஜ் சென்னையிலிருந்து கப்பலில் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பி.ஏ. படித்தவர், ரப்பர் மரத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவர். பெரட்டு என்ற சொல் எண்ணெய்க் கறையில் பாதி ஊறியிருந்தது. அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை என்பதால் புரட்சி என்பதைத்தான் அச்சுக்கோப்பவர் கெடுத்துவிட்டார் என்று அவர் முடிவு செய்தார். புரட்சிக்குத் தவறாமல் போய், ஒரு மரம் விடாமல் வெட்டிச் சாய்க்குமாறு தொழிலாளர்களுக்குக் கட்டளை என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். காட்டுக்காரர்கள் தோட்டங்களில் புகுந்து ரப்பர் மரங்களைப் பாழாக்கிக்கொண்டிருந்த காலம் அது. தாளின் அடியிலேயே ஆசிரியர் பெயரும் முகவரியும் அச்சாகியிருந்தன. ஒரு மணி நேரத்தில் இரண்டு லாரி போலீஸ் புறப்பட்டது.

இரும்புக் குதிரைகள் புழுதி கிளப்ப, பூட்ஸ் காலடிகள் முரசென முழங்க, துப்பாக்கி வனம் ஒன்று தோட்டத்துக்குள் நடந்து வந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஏழாம் கதவின் முன் நின்றபோது, அங்கே கோவணத்தோடு முதுகு தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த காவியத் தலைவர் அஞ்சினாரில்லை. வேட்டி கட்ட அவகாசம் கேட்டார். கட்டி, கோட்டும் மாட்டி, கூடிய கூட்டத்தை நோக்கி முழங்கினார்: "மலையாவை ஆளும் மாபெரும் சாம்ராஜ்யமே, உன் துவாரத்தை நான் கண்டுவிட்டேன்." கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவரை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிப் போய்விட்டது.

காவல் நிலையத்தில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. "எந்தெந்தத் தோட்டத்து மரங்களை வெட்டச் சொன்னீர்?" என்று மைக்கல்ராஜ் கேட்ட அந்தக் கணமே, தோட்டத்தில் பிறந்த நம் தலைவருக்குப் பிழை எங்கே என்று பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அதைச் சொன்னால் நூல் என்ன ஆகும்? வடைத்தாள் ஆகும். சொல்லாவிட்டால் அவர் சாம்ராஜ்யத்தை நடுங்க வைத்த எழுத்தாளர். நெஞ்சக் களத்தில் உண்மையும் வீம்பும் மோதின, உண்மை முதல் சுற்றிலேயே ஓடிவிட்டது. "நான் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் நானே பொறுப்பு" என்று நெஞ்சு நிமிர்த்தி அறிவித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தேத்தண்ணி கேட்டார்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, காவிய நடையைச் சற்று இறக்கி வைத்துவிட்டே சொல்கிறேன். அவசரகாலச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு நீண்ட சிறை, அல்லது இந்தியாவுக்குக் கப்பல். மயிலம்மாள் அந்த லயத்திலேயே பிறந்தவள். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. புருஷனோடு போனால் பிறந்த மண் போய்விடும், போகாவிட்டால் புருஷன் போய்விடுவான், சதிகாரன் பெண்டாட்டிக்குத் தோட்டத்தில் வீடும் மிஞ்சாது. லாக்கப்புக்குச் சோறு கொண்டுபோன அவளிடம் இந்த மனிதர் என்ன குற்றச்சாட்டு என்று சொல்லவேயில்லை. "துவார மர்மத்துக்குப் பயந்து பிடித்திருக்கிறார்கள்" என்றார். அவள் அதை நம்பி அழுதுகொண்டே திரும்பி நடந்தாள்.

வழக்கு நாள் வந்தது. வெள்ளைக்கார மாஜிஸ்திரேட், அவருக்கு வலப்புறம் மைக்கல்ராஜ், சாட்சிகளின் வரிசையில் தோட்டத்துத் துரை, கூண்டில் கோட்டணிந்த கொற்றவர். மைக்கல்ராஜ் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்தார்: ரப்பர் மரங்களை ஒன்று விடாமல் வெட்டும்படி தொழிலாளர்களைத் தூண்டினார். மயிலம்மாள் காதைத் தீட்டிக் கேட்டாள். பிறகு எழுந்து நின்றுவிட்டாள்.

"மரம் வெட்டச் சொல்றது குத்தமாய்யா?"

யார் இந்தப் பெண் என்று மாஜிஸ்திரேட் கேட்க, அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்க்கூண்டிலிருந்து மர்மபேதியார் வாயை மூடு என்று கண்ணால் ஆணையிட்டார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்ற கேள்வியை மைக்கல்ராஜ் தமிழில் கேட்டார்.

"மரம் வெட்டுறேன்யா."

மைக்கல்ராஜ் தயங்கித் தயங்கி மொழிபெயர்க்க, மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது. எத்தனை மரம் என்று கேட்டார்.

"ஒரு நாளைக்கி முன்னூத்தம்பது. மழ பேஞ்சா வெட்ட முடியாது."

"எத்தனை வருஷமாக?"

"பன்னெண்டு வயசுலேர்ந்துய்யா. பதினஞ்சு வருசம் ஆச்சு."

அந்தக் கணக்குப்படி நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒரு மரமும் நிற்க வழியில்லை. இதை யார் செய்யச் சொன்னது என்று மாஜிஸ்திரேட் குரலை உயர்த்திக் கேட்டார்.

"அந்தா ஒக்காந்திருக்காரே, எங்க தொர. தெனம் பெரட்டுல நின்னு அவருதான் சொல்வாரு. ஒரு மரம் விட்டாலும் பேருல கோடு போட்டுருவாரு."

நீதிமன்றம் மொத்தமும் துரையைத் திரும்பிப் பார்த்தது. இங்கிலீஷ் குற்றப்பத்திரிகையை மட்டுமே அதுவரை படித்திருந்த துரை, பெரட்டு என்ற சொல்லைக் காதால் கேட்டதும் அந்தப் புரட்சி எதுவென்று புரிந்து முகம் சிவந்து, தொப்பியால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். மயிலம்மாள் அதையும் பொருட்படுத்தாமல், கூண்டின் கைப்பிடிக் கட்டையில் ஒரு விரலை வைத்து, இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக இழுத்துக் காட்டினாள். "இப்படிப் பட்டய மட்டும் வெட்டுனா பால் வரும். மங்குல புடிச்சிக்குவோம். மரம் அங்கதான்யா நிக்கும்." மைக்கல்ராஜ் தாமும் ஒரு விரலை அதேபோல் இழுத்துக் காட்டித்தான் மாஜிஸ்திரேட்டுக்கு மொழிபெயர்த்தார், அவருடைய பி.ஏ. அந்த நிமிஷத்தில் அவருக்கு உதவவில்லை.

விடுதலை நெருங்குவதைக் கண்ட வீரர் பதறிப்போய்க் கூண்டைப் பற்றிக்கொண்டு இறுதிப் பிரகடனம் செய்தார்: "மரத்தை விடுங்கள். என் நூலை விசாரியுங்கள். துவாரத்துக்குப் பதில் சொல்லுங்கள்."

மாஜிஸ்திரேட் பொறுமையாக நூலின் சாரத்தைக் கேட்டறிந்தார். பிறகு மயிலம்மாளிடம் ஒரே கேள்வி: இவர் டின் பால் குடிப்பாரா?

"மூணு வேளயும் தேத்தண்ணி குடிப்பாருய்யா. டின் பால் ஊத்தலன்னா எழுத வராதும்பாரு."

தீர்ப்பு இரண்டு வரியில் முடிந்தது. குற்றம் எதுவும் இல்லை. இந்நூல் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யக்கூடியதாகத் தெரியவில்லை, ஆதலால் கைப்பற்றிய பிரதிகளை ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். தூக்குத் தண்டனை பெற்றவர்கூட நம் தலைவரைப்போல் தளர்ந்து சாய்ந்ததை அந்தச் சுவர்கள் கண்டிருக்காது.

வாசலில் துரை அவரை மறித்தார். "கிராணி வேலே வேற ஆளு பாக்கும். நூறு ராத்தல் பால் வந்தா நீ அம்பது மர்மம் எழுதும். நாளைக்கி பெரட்டு வா." மயிலம்மாள் புத்தகக் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னே நடந்தாள். அடுப்பு மூட்ட மழைக்காலம் வரை போதும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.  லயத்துக்கு வந்ததும் மரம் வெட்டும் தன் பழைய கத்தியைக் கல்லில் தீட்டி அவர் பக்கத்தில் வைத்தாள்.

சதிகளின் சத்துரு, சாம்ராஜ்யங்களின் சிம்மசொப்பனம், வெள்ளையர் மறதி மருந்துக்கு மாற்று மருந்து, துவாரங்களின் உட்பொருளைத் துருவித் துருவிக் கண்ட தீர்க்கதரிசி, நீதிமன்றமே நெருங்க அஞ்சிய நூலின் நிகரற்ற ஆசிரியர், எவராலும் வெல்லப்படாத, எவராலும் வாசிக்கப்படாத மர்மபேதி இராஜமாணிக்கனார் மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மரம் வெட்டப் போனார்.

சாயங்காலம் மறக்காமல் உப்பு வாங்கி வந்தார்.