மேலேயிருந்து வராத பதில்

என் அருமைக் கிணத்தானுக்கு,

மாடியான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்பதுதான் முறை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில் கேட்காமல் விடுகிறேன்.

நீ அனுப்பிய ஏழு கேள்விகள் கைக்கு வந்து நாற்பது நாளாகிறது. பதில் ஏன் போடவில்லை என்று கேட்பாய். முதல் வாரம் மூக்குக்கண்ணாடியைக் காணோம். அது கிடைத்தபோது உன் காகிதத்தைக் காணோம். வீடு முழுக்கப் புரட்டிப் போட்டுவிட்டு, சாப்பிடலாம் என்று உட்கார்ந்தால், சாப்பாட்டு மேசை அன்றைக்கு ஆடாமல் நிற்கிறது. குனிந்து பார்த்தால் வீட்டுக்காரி உன் காகிதத்தை எட்டாக மடித்து அதன் காலுக்கு அடியில் சொருகியிருக்கிறாள். பத்து நாளாக உன் கனவு, லட்சியம், ஆசை எல்லாவற்றின் மேலும்தான் சோறு தின்றிருக்கிறோம். உருவி எடுத்தேன், ரசம் மடியில் கொட்டியது, அதற்கு ஒரு சண்டை, சண்டை முடிந்து சமாதானமாக ஒரு வாரம். இதெல்லாம் சாக்கு என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

போன வியாழக்கிழமை உன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, குரல்வளையை எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னும் பத்து நாள்தான் தள்ளலாமாம். அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறார். ஏன்னு கேட்டா, மேலேருந்து பதில் வரலை, நிறுத்தி வச்சிருக்கேங்கறார். அவருக்குப் புத்தி தடுமாறுதா?" என்று அழுதாள். புத்தி தடுமாறியது உனக்கு இல்லை, எனக்கு.

என்னவென்று கேட்டு வீட்டுக்காரி துளைத்தெடுத்தாள். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக நம் வேலையை விளக்கினேன். நான் மொட்டைமாடி மோட்டார் அறையில், நீ கீழே கிணறு மாதிரியான இருட்டில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மேலே இருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள நீ ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாய். "டேய் மாடியான், உனக்கு றெக்கை முளைச்சா முதல்ல எங்கடா போவே?" என்பாய். நான் வாய்க்கு வந்ததைக் கத்துவேன். பதில் வரவில்லை என்றால் நீ உடனே லிஃப்டை நிறுத்திவிட வேண்டும். மோட்டார் சத்தத்தில் குரல் எடுபடாதபோது லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தில் ஸ்பானரால் தட்டுவோம்: ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் மேலே போகலாம். எல்லாம் கேட்டுவிட்டு அவள், "அதனாலதான் காபி வேணும்னா டம்ளரை ரெண்டு தட்டு தட்டறீங்களா? நான் திமிர்னு நினைச்சேன்" என்றாள்.

அந்தச் சித்திரை வெயிலில் நான் மோட்டார் பக்கத்தில் மயங்கி விழுந்ததையும் சொன்னேன். நீ எந்த மிருகமாகப் பிறக்க ஆசை என்று கேட்டாய், பதில் வரவில்லை, நிறுத்தினாய், பதினோரு மாடி இரும்பு ஏணியில் ஏறி வந்தாய். என் சட்டைக் கைக்கும் ஓடுகிற கம்பிக்கயிற்றுக்கும் நடுவே நான்கு விரல்தான் இடம் இருந்தது. இதை இத்தனை வருஷமாக அவளிடம் சொன்னதில்லை. அவள் எழுந்து போய், உன் காகிதத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆகவே இதோ பதில்கள். ஆளில்லாத தீவுக்கு எதைக் கொண்டுபோவேன்? பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர். இதைச் சத்தமாகப் படித்தது தப்பு. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். யார் கண்ணுக்கும் தெரியாத வரம் கிடைத்தால்? ஓய்வு பெற்ற மறுநாளே கிடைத்துவிட்டது, மகன் என்னைத் தாண்டித்தான் டீவி பார்க்கிறான். எந்த மிருகம் என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். எருமை என்று அவளே சொல்லச் சொன்னாள், மாறுவதற்குச் சிரமம் இல்லையாம். ஒருநாள் ராஜாவானால் எல்லாக் கட்டிடத்தையும் இரண்டு மாடியோடு நிறுத்தச் சொல்லுவேன். பிடித்த சத்தம், நன்றாக எண்ணெய் போட்ட லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம், அதாவது சத்தமே இல்லாதது. திரும்ப வாழ ஆசைப்படும் நாள் என்று ஒன்றும் கிடையாது. எல்லா நாளும் உன் கத்தல்தான்.

ஆறு ஆயிற்று. ஏழாவதை எழுத எனக்கு மனசு வரவில்லை. "ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ, எனக்குக் குரல் போயிடுச்சு. அப்புறம் உன்னை யாருடா கேள்வி கேப்பா?" என்று எழுதியிருக்கிறாய். மற்ற ஆறையும் விளையாட்டாகக் கேட்டுவிட்டு அடியில் இப்படி ஒன்றை வைக்கலாமா? நாற்பது நாள் நான் ஓடி ஒளிந்தது இந்த ஒரு வரிக்காகத்தான். போனிலேயே சொல்லிவிடுங்களேன் என்கிறாள் இவள். உன் குரல் இப்போது காற்றாகத்தான் வருகிறது என்று உன் மகள் சொன்னாள். அதைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். பதில் வராமல் நீ மறுபடியும் நிறுத்திவிடுவாய்.

நேரில் வருவேன் என்றும் எதிர்பார்க்காதே. உன் ஆஸ்பத்திரி வார்டு ஆறாவது மாடியாமே. படியேற முழங்கால் விடாது. லிஃப்டில் ஏறினால் அதில் என்ன கோளாறு என்று காதுக்குத் தெரிந்துவிடும், பிறகு மனசு நிம்மதியாக இருக்காது. பேசாத உன்னை எதிரில் வைத்துக்கொண்டு உட்காரும் தைரியமும் எனக்கு இல்லை. அதனால் வர மாட்டேன். கோபித்துக்கொள். ஆனால் ஆறு பதில் வந்துவிட்டது, நான் மேலேதான் இருக்கிறேன். கையெழுத்தைப் போடு.

உன் மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். உனக்கு ஆசீர்வாதம் செய்ய வயது பற்றாது, மூன்று மாதம் நீ மூத்தவன்.

இப்படிக்கு,
மாடியான்

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தபாலில் போடவில்லை. தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டு, அப்படியே பஸ் ஏறிவிட்டேன். இதை உன் அறைக்கு வெளியே, ஆறாவது மாடி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். லிஃப்டில்தான் வந்தேன், நாலாவது மாடியில் கிறீச்சிடுகிறது, எண்ணெய் போட ஆளில்லை. இரண்டு தடவை உன் கதவுவரை வந்து திரும்பிவிட்டேன். காகிதத்தை உன் மகள் உள்ளே கொண்டுவருவாள். தீவுக்கு ஸ்பானர் வேண்டாம், உன்னைத்தான் கூட்டிப்போவேன். இவளிடம் சொல்லிவிடாதே. ஏழாவதற்குப் பதில்: இனிமேல் நான் கேட்பேன். முதல் கேள்வி, கையெழுத்துப் போடுகிறாயா? வாயைத் திறக்காதே. கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டு. கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.