கேட்காமல் நீக்கும் சட்டம்

தாழைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, ஓலை நாளன்று, மக்கள் தங்களுக்கு வேண்டியவரின் பெயரை எழுதிக் குடத்தில் போட்டு மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. அரசுப் பணியாளர் ஒருவரை நீக்குவதென்றால், சந்தையில் முரசறைந்து, "இவரை நம்பி இருப்பவர் யார்?" என்று கேட்க வேண்டும். ஒரு கை உயர்ந்தாலும் நீக்கம் நின்றுபோகும். யார் வேலை யாரை நம்பி நடக்கிறது என்ற விவரமெல்லாம் ஒரு தடித்த ஏட்டில் இருந்தது. அதைக் காத்துவந்தவள் செங்கமலம்.

மன்னருக்கு ஐந்தாம் ஆண்டு முடிந்தபோது அமைச்சர் பூவராகர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இனி எவரையும் கேட்காமல் நீக்கலாம்.

"கேட்டுக்கொண்டே இருந்தால் நாடு எப்போது முன்னேறுவது? ஏட்டைத் திறக்கவே கூடாது என்பது அரசின் உறுதியான கொள்கை" என்றார்.

முதலில் கயிறு திரிப்பவர் போனார். மதகுப் பலகையைத் தூக்கும் கயிறு இற்றுப்போய், செங்கமலத்தின் தெருவுக்கு வரும் தண்ணீர் நின்றது.

"அய்யா, மதகு திறக்கலீங்க. நாலு நாளா புள்ளைங்க உப்புத்தண்ணி குடிக்குதுங்க" என்று அவள் போய் நின்றாள்.

அமைச்சர் அரசு உடைமைகளின் பட்டியலைப் பார்த்தார். "மதகை நாம் நீக்கவில்லையே. பட்டியலில் இருக்கிறது. ஆகவே தண்ணீர் வருகிறது."

அடுத்து குயவர் போனார். தூரத்துக் கிணற்றில் மொண்டுவரக் குடமில்லை. பிறகு பனையேறி. எழுத ஓலையில்லாமல் வைத்தியர் மருந்தை வாயால் சொல்ல, வெளிப்பூச்சை இரண்டு பேர் குடித்தே விட்டார்கள். நான்காவதாக முரசறைபவர் போனார். எல்லாம் சதிகாரர்களின் வேலை என்று அரசு அறிவித்து, விசாரிக்க ஒரு குழுவும் போட்டது. பக்கத்து வீட்டுக்காரன்தான் கயிற்றை அறுத்திருப்பான் என்று ஆளுக்காள் முறைத்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ அந்தக் குழுவின் மேல்தான் சந்தேகம்.

"மூளையில்லாத அமைச்சர். ஓலை நாள் வரட்டும், பாத்துக்கலாம்" என்று சந்தையில் சிரித்தார்கள்.

செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அரண்மனையில் மயில்விசிறி வீச மட்டும் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்கள்மேல் ஒரு தூசி படவில்லை. இந்த நாலு பேர் மட்டும் ஏன்? பயந்துகொண்டேதான் ஏட்டைத் திறந்தாள். நான்கு பேரின் பக்கத்திலும் கடைசி வரி ஒன்றாகவே இருந்தது: ஓலை நாள். பெயரெழுத ஓலை, போடக் குடம், குடத்தின் வாய்கட்டக் கயிறு, நாளைச் சொல்ல முரசு.

ஏட்டைத் தூக்கிக்கொண்டு அமைச்சரிடம் ஓடினாள்.

"அய்யா, தெரியாம பண்ணிட்டீங்க போல. இந்த நாலு பேரு இல்லேன்னா ஓலை நாளே நடக்காதுங்க! ஒரு தடவை ஏட்டைப் பாத்திருந்தா..."

பூவராகர் எழுந்து கதவைச் சாத்தினார். ஏட்டை வாங்கி, தேடாமலே குயவரின் பக்கத்தைத் திறந்தார்.

"நான் பாக்கலைன்னு யாரும்மா சொன்னது?"