அவசரம் வரைந்த வழுக்கை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைவிட அதிகமாக மனிதர்களைக் காக்க வைத்த ஒரே ஆள் 'அவசரம்'தான். கேட்டாவது ரயில் போனதும் திறந்துவிடும். அவசரத்திடம் படம் கொடுத்தவர்களுக்கு அந்த நம்பிக்கைகூடக் கிடையாது. கடை போர்டில் 'அவசர போட்டோ உடனுக்குடன்' என்று எழுதி வைத்திருந்த ஒரே பாவத்துக்காக ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்தது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, கேட்கவும் தெம்பில்லை.

அடுத்த கடை என்னுடைய எஸ்.டி.டி. பூத். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரே வெளிநாட்டுக்குப் போன் போட்டு, "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. முக்கால்வாசிப் பேர் நன்றாக இல்லை என்பது கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்த எனக்குத் தெரியும். எனக்கு அலுப்பு ஆரம்பித்தது அங்கேதான், இன்னும் போகவில்லை.

இதில் அவசரத்தின் வாடிக்கையாளர்கள் வேறு. அவர் கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், அவர் ஆகிய மூவருக்குத்தான் இடம். ஆகவே அவரிடம் படம் கொடுத்த அத்தனை பேரும் என் பெஞ்சில்தான் வந்து உட்காருவார்கள். "எப்ப முடியும்?" என்று என்னைக் கேட்பார்கள், என்னவோ நான்தான் உள்ளே மவுஸைப் பிடித்துக்கொண்டிருப்பது போல.

அவர் வேலை செய்யும் முறை அப்படி. படத்தை ஸ்கேன் செய்துவிட்டு, கம்ப்யூட்டர் பக்கமே திரும்பாமல் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். இவர் சிரித்தால் பல் தெரியுமா? கோபம் வந்தால் மூக்கு விடைக்குமா? ஒருமுறை ஒரு விவசாயக் குடும்பத்தார், இறந்துபோன அப்பாவின் சின்னப் படம் ஒன்றைக் கொண்டுவந்து, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிசாக வேண்டும், கோட்டு டை போட்டுவிடுங்கள் என்றார்கள். மற்ற ஸ்டூடியோக்காரர்களாக இருந்தால் தலையை வெட்டிக் கோட்டின் மேல் ஒட்டிவிட்டுப் பத்து நிமிஷத்தில் கையில் கொடுத்திருப்பார்கள். அவசரம் கேட்டார்:

"மடை திறக்கப் போறப்ப கோட்டுப் போட்டுக்கிட்டா போவாரு உங்கப்பா?"

தோளில் துண்டு போட்டுத்தான் தருவேன் என்று நின்றார். துண்டின் மடிப்புக்கே ஒரு வாரம் ஆயிற்று. பதினாறாம் நாள் அந்தச் சின்னப் படத்துக்கே மாலை போட்டு, முகம் தெரியாமல் கும்பிட்டார்கள். படம் முதல் தெவசத்துக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்ததும் திட்ட வந்த பெரிய மகன் என் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அவருக்கும் டீ நான்தான் சொன்னேன்.

கரண்ட் போய், சேமித்து வைக்காத வேலையெல்லாம் அழிந்துபோனால் நாமெல்லாம் தலையில் அடித்துக்கொள்வோம். அவசரம் வெளியே வந்து காற்று வாங்கிக்கொண்டே, "நல்லதாப் போச்சுண்ணே, மூக்கு சரியா வரல" என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஜமீலா வந்து மாட்டிக்கொண்டது. என் கடைக்குப் பின்தெருவில் வீடு. புருஷன் அன்வர் சவுதியில். அவர் விமானம் ஏறியபோது மகள் வயிற்றில் இருந்தாள். இப்போது ஓடி விளையாடுகிற வயது, ஆனால் ஆம்பளை யார் பக்கத்தில் வந்தாலும் வீறிட்டு அழுவாள். அடுத்த மாதம் அவர் ஊருக்கு வருகிறார்.

"பெத்த அத்தாவைப் பாத்துப் புள்ள அழுதுருச்சுன்னா அவர் மனசு விட்டுப்போயிரும்ண்ணே. மூணு பேரும் ஒண்ணா இருக்கிற மாதிரி ஒரு படம் செஞ்சு குடுங்க. தெனம் காட்டிப் பழக்கிடுறேன்" என்றது.

கல்யாணப் படத்தில் இருந்து அன்வரை எடுத்துக்கொள்ளச் சொன்னது. கருங்காடு மாதிரி அடர்ந்த முடியுடன் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். அவசரம் அதை ஒதுக்கிவிட்டு, சவுதியிலிருந்து வந்த படங்களைக் கேட்டார். வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். ஒன்றில் தொப்பி, ஒன்றில் ஹெல்மெட், ஒன்றில் தலையைச் சுற்றித் துணி.

"ஏம்மா, எல்லாப் படத்துலயும் தலைய மூடிக்கிட்டு இருக்காரே, ஏன்?"

"வெயிலுண்ணே."

அடுத்து மாமனார் படத்தைக் கேட்டு வாங்கினார். மாமனார் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. அவசரம் தனக்குள் தலையாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் அன்வர் என் பூத்துக்குப் போன் செய்வார், ஜமீலா வந்து பேசும். அந்த வெள்ளிக்கிழமை அவசரமும் வந்து நின்று, பாதியில் ரிசீவரை வாங்கிக்கொண்டார். வெளிநாட்டுக் கால் ஓடிக்கொண்டிருக்கிறது, இவர் நிதானமாகக் கேட்கிறார்:

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. இப்ப எப்படி இருக்கீங்க?"

அன்வர் அப்படியேதான் இருப்பதாகச் சொன்னார். முடி? அதுவும் அப்படியேதான். அவசரம் போனை வைத்துவிட்டு, குரலிலேயே தொப்பை தெரிகிறது என்றார்.

படம் வந்தது. அதிசயமாகச் சொன்ன நாளுக்குள் வந்தது. ஜமீலாவும் குழந்தையும் நிற்க, பக்கத்தில் கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே கறுத்து, பளபளவென்று வழுக்கையோடு ஒரு மனிதர். ஜமீலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இது யார், என் மாமனாரா என்று கேட்டது. முடி வைத்துத் தரச் சொல்லிக் கெஞ்சியது, திட்டியது, கடைசியில் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டது. நானும் அலுத்துப்போய், நாலு முடியாவது வைத்துத் தொலையுங்களேன் என்றேன். அவசரம் அசையவில்லை.

"புள்ள பழகவேண்டியது வரப்போற மொகத்தோடம்மா, போன மொகத்தோட இல்ல."

வேறு வழியில்லாமல் அது படத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. குழந்தைக்கு முடியில்லாத அத்தாவை ரொம்பப் பிடித்துவிட்டதாம். அந்த வழுக்கையில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் தூங்குகிறதாம். இதையும் என் பெஞ்சில் உட்கார்ந்து ஜமீலாதான் அழாத குறையாகச் சொன்னது. நிஜத்தில் அவர் முடியோடு வந்து இறங்கினால் குழந்தை என்ன செய்யும்?

அவர் முடியோடுதான் வந்து இறங்கினார்.

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வந்த வேன், வழக்கம்போல கேட்டில் மாட்டிக்கொண்டது. அன்வர் பொறுக்காமல் இறங்கி நடந்தே வந்தார். தலையில் கல்யாணப் படத்தில் இருந்ததைவிடக் கறுப்பாக, அடர்த்தியாக முடி. என் கடை வாசலில் குழந்தையோடு நின்ற ஜமீலா, சந்தோஷத்தோடும் கோபத்தோடும் அவசரத்தைத் திரும்பிப் பார்த்தது. குழந்தை ஒருமுறை பார்த்தது, அவ்வளவுதான். கேட்டில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிற மாதிரி வீறிட்டது. அவர் கை நீட்ட நீட்ட அது அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தியது. இத்தனை வருஷம் கழித்து வந்த மனிதர் நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவசரம் கண்ணைச் சுருக்கி அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓரம் சரியா ஒட்டலண்ணே" என்று என்னிடம் முணுமுணுத்தார். பிறகு அன்வரிடம் போய், மெதுவாக, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கழட்டிடுங்க தம்பி. புள்ள உங்களத்தான் தேடுது."

அன்வர் கேட்டில் நின்ற லாரிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டோப்பாவைக் கழற்றினார். அவசரம் வரைந்த அதே வழுக்கை, வெயிலில் மின்னியது. குழந்தையின் அழுகை பாதியில் நின்றது. விக்கிக்கொண்டே உற்றுப் பார்த்தது. "அத்தா" என்று இரண்டு கையையும் நீட்டித் தாவிப் போய், அந்தத் தலையில் முத்தம் கொடுத்தது. அன்றைக்குப் போனில் அவசரம் துருவித் துருவிக் கேட்டதில் பயந்துபோய்த்தான் டோப்பா வாங்கியதாக அன்வர் பிற்பாடு சொன்னார். ஜமீலா என்னவோ கேட் திறந்து வேன் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றது.

இப்போது எனக்குப் பூத்தும் இல்லை, பெஞ்சும் இல்லை. எழுதிப் பிழைக்கிறேன். இந்தப் பக்கத்துக்கு என் படம் ஒன்று வேண்டுமென்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். மருமகள் செல்போனில் எடுத்து, ஒரே தட்டில் பத்து வயதைக் குறைத்துக் கொடுத்தாள். அந்த ஆளை எனக்குப் பழக்கமில்லை. அதனால் எடுத்தபடியே இருந்த படத்தை, பேராவூரணியில் மகள் வீட்டில் இருக்கும் அவசரத்துக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார்.

"படம் கெடக்கட்டும்ண்ணே. உண்மையச் சொல்லுங்க. இப்ப எப்படி இருக்கீங்க?"

நல்லா இருக்கேன் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. உள்ளதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

படம் இன்னும் வரவில்லை. ஆசிரியர்தான் காத்திருக்க வேண்டும், எனக்கு அவசரமில்லை.