முள் நகராத மழை

மேகங்கள் தரையோடு தவழும் நிரல்புரி நாட்டில் யாரும் யாரையும் வேலை ஏவுவதில்லை. எல்லாவற்றையும் நிரல்கள் பார்த்துக்கொண்டன. செய்ய வேண்டியதை வரிவரியாக எழுதி மூடுபனிக்குள் விட்டுவிட்டால் போதும். அந்த வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, சொன்னதைச் செய்துவிட்டு, கடைசி வரியில் "ஆச்சு" என்று மெல்லக் குரல் கொடுக்கும். விளக்கேற்ற ஒரு நிரல், தொட்டிலாட்ட ஒரு நிரல், மழைக்கு ஒரு நிரல்.

மழை நிரல் மட்டும் கொஞ்சம் நிதானம். மாடிமாடியாக எட்டிப் பார்க்கும். வற்றல் காய்கிறதா, யாராவது அசந்து தூங்குகிறார்களா என்று கவனித்து, அள்ளி வைக்க அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் பெய்யும். அதன் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஒருநாள் அரசருக்கு மழையில் நனைய ஆசை வந்தது. காத்திருந்ததில் ஆசை போய்விட்டது. உடனே விரைவுத்துறை பிறந்தது. அதன் அமைச்சர் துரிதநாதர் கோபுர உச்சியில் பெரிய கடிகாரம் ஒன்றைப் பொருத்தினார். நிரல் கிளம்பியதும் முள் நகரும். "ஆச்சு" என்று கேட்டதும் நின்றுவிடும். அதற்குக் காலமானி என்று பெயர் சூட்டினார். பெயரைக் கேட்டுச் சில கிழவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஒவ்வொரு வரி முடிந்ததும் நிரல் நின்று, ஆன நேரத்தைப் பதிய வேண்டும் என்பது முதல் ஆணை. நின்று நின்று பதிந்ததில் மழை இன்னும் தாமதமானது. "சோம்பேறி வரிகளை நீக்குக" என்றது அடுத்த ஆணை. எட்டிப் பார்க்கும் வரிகள் போயின. ஊர் வற்றலெல்லாம் நனைந்து நாறியது. பிறகு வந்த ஆணை மிகச் சுருக்கமானது: முள்ளை அதிகம் நகர்த்தும் நிரல் அழிக்கப்படும்.

நிரல்களுக்கும் உயிர்மேல் ஆசை இருக்காதா? குளிக்கக்கூடப் போகாதவர்கள் உள்ளிருந்தபடி "இதோ ஆச்சு" என்று குரல் கொடுப்பதைக் கேட்டு வளர்ந்தவை அவை. கடைசி வரியைத் தூக்கி முதலில் வைத்துக்கொண்டன. "ஆச்சு" என்றன. முள் நின்றது. அதற்குப் பிறகு ஓட வேண்டிய அவசியம் யாருக்கு?

வானம் வெளிறிக் கிடந்தது. செவந்திக்கு இருந்தது ஒரே ஒரு நாற்றங்கால். அது மஞ்சளடித்ததும் அவள் கோபுரத்துக்கு நடந்தாள்.

"ஐயா, நாத்து கருகுதுங்க. இது போச்சுன்னா இந்த வருசம் எங்க வீட்ல அடுப்பு எரியாது. மழைய அனுப்புங்க."

துரிதநாதர் காலமானியைக் காட்டினார். "அம்மணி, இன்றைக்கு மட்டும் பலமுறை பெய்துவிட்டது. முள் அசையவே இல்லை பார். உலகிலேயே அதிவேக மழை நம்முடையதுதான்."

"மண்ணு நனையலீங்களே."

"மண்ணைப் பார்ப்பது வேறு துறை."

அவள் திரும்பி வந்தபோது நாற்று கருகியிருந்தது.

அப்புறம் தேர்தல் வந்தது. ஆளுக்கொரு கூழாங்கல்லை அரசரின் பானையில் போட வேண்டும். அதற்கும் காலமானியே நேரம் பார்க்கும். வேறு பானை, மக்களின் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, வைக்கப்படவில்லை. செவந்தி வெறுங்கையோடு பானையின் முன் நின்றாள்.

"போட்டாயா?" என்றார் துரிதநாதர்.

"ஆச்சுங்க."

முள் நகரவில்லை. அவருக்குப் பரம திருப்தி. பின்னால் நின்றவர்கள் அவள் கையைப் பார்த்தார்கள். தங்கள் கல்லை மடியிலேயே முடிந்துகொண்டார்கள். "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று வரிசை கனவில் நடப்பது போல் நகர்ந்து முடிந்தது.

மாலையில் அரசர் கேட்டார்: "எண்ணியாயிற்றா?"

துரிதநாதர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கொஞ்சம் மூடுபனி இருந்தது. அண்ணாந்து காலமானியைப் பார்த்தார்.

"ஆச்சு, அரசே."

வெற்றி முரசு கேட்டபோது செவந்தி கருகிய நாற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ளயா?" என்று நிமிர்ந்தாள்.